பேஸ் கிட்டாரைச் செட் செய்தல்: எது முதலில், எது பிறகு

“ஒலி சரியில்லை, நல்ல பிக்கப் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்டுக்கொண்டுதான் பலரும் பேஸ் கிட்டாரைப் பட்டறைக்கு எடுத்து வருகிறார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கும், கம்பிகள் எட்டாத உயரத்தில் நிற்கும், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தினால் சுருதி ஏறியிருக்கும். இந்த நிலையில் உலகின் மிகச் சிறந்த பிக்கப்பைப் பொருத்தினாலும் அது அந்தக் குறைகளைத்தான் இன்னும் தெளிவாகக் காட்டும். முதலில் செட்டிங், அடுத்து பழுது, கடைசியில்தான் மாற்றம். இந்த வரிசையில் போனால், மாற்ற வேண்டும் என்று நினைத்த பல பாகங்களை மாற்றத் தேவையே இருக்காது. செலவுக்கு முன் உழைப்பு என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த அத்தியாயத்துக்கு நான்கு கம்பி ஜாஸ் பேஸை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951-இல் பிரிசிஷன் பேஸையும் 1960-இல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தது. இன்று கடைகளில் தொங்கும் விலை குறைந்த பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் வார்ப்பு. தலைப்பக்கத்து நட்டிலிருந்து பிரிட்ஜிலுள்ள சேடில் வரை 34 அங்குலம், அதாவது சுமார் 864 மி.மீ. நெக்கை உடலோடு பிடித்திருப்பவை நான்கு திருகுகள், பசை கிடையாது. கிட்டார் தொழிலுக்கு வருமுன் ஃபெண்டர் அதே ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தியவர். பழுதானதைக் கழற்ற முடிய வேண்டும், மாற்றிவிட்டுத் திரும்பப் பூட்ட முடிய வேண்டும் என்ற பழுதுகாரரின் அக்கறை அவர் செய்த வாத்தியத்தின் ஒவ்வொரு பாகத்திலும் இருக்கிறது. அதனால்தான் நல்ல திருப்புளியும் சரியான ஆலன் கீயும் வைத்திருக்கும் எவரும் வீட்டிலேயே இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

இவற்றோடு அரை மி.மீ. கோடுள்ள இரும்பு ஸ்கேல், மோட்டார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ், டியூனர், கேப்போ, மல்டிமீட்டர் ஆகியவை போதும். வேலையைத் தொடங்குமுன் இப்போதைய அளவுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது தவறினால் திரும்பிப்போக அந்தத் தாள்தான் வழி.

கம்பி

எந்தக் கம்பியில் வாசிக்கப் போகிறீர்களோ அதைப் போட்டுவிட்டுத்தான் செட்டிங்கைத் தொடங்க வேண்டும். கம்பியின் தடிமன் மாறினால் இழுவிசை மாறும், இழுவிசை மாறினால் நெக்கின் வளைவு மாறும், வளைவு மாறினால் எல்லா அளவுகளும் மாறும். வழக்கமாகக் கிடைக்கும் 45-105 செட் சுருதி சேர்ந்த நிலையில் மொத்தமாக ஏறத்தாழ 80 கிலோ எடைக்குச் சமமாக நெக்கை இழுக்கிறது.

புதுக் கம்பிதான் நல்ல கம்பி என்று முடிவு செய்துவிடாதீர்கள். டெட்ராய்ட்டின் மோடவுன் பாடல்களுக்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் தட்டைச்சுற்றுக் கம்பிகளைப் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வாசித்தவர். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் பஞ்சு வைத்து ஒலியின் நீட்சியையும் குறைத்துக்கொண்டார். தட்டைச்சுற்றுக் கம்பி வயதாக ஆக முதிர்ந்த ஒலி தரும். உருளைச்சுற்றுக் கம்பியின் கதை வேறு: சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் படியப் படியக் கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறுகிறது, பிறகு என்ன செய்தாலும் சுருதி ஒழுங்காக நிற்காது. இன்டொனேஷன் அமையவில்லை என்று சேடிலோடு மல்லுக்கட்டும் முன் கம்பியின் வயதைப் பாருங்கள்.

கம்பி மாட்டும்போது, நடுவில் துளையுள்ள முளை என்றால், முளையைத் தாண்டிச் சுமார் 10 செ.மீ. விட்டு, வெட்டப்போகும் இடத்தில் முதலில் செங்குத்தாக மடக்கிவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியைவிட்டு நழுவி அந்தக் கம்பி உயிரில்லாமல் ஒலிக்கக்கூடும். முளையில் இரண்டு மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றும் முந்தையதற்குக் கீழே இறங்கி வரவேண்டும். அப்போதுதான் கம்பி நட்டின் மேல் நன்றாக அழுந்தும். சுருதி சேர்த்த பின் நட்டை ஒட்டியும் சேடிலை ஒட்டியும் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். தடித்த பேஸ் கம்பி சேடில் மேல் தானாக மடங்காது. வில்லாக வளைந்து நிற்கும். அந்த ஒரு அழுத்தத்திலேயே ஒலி தெளிவதைக் காதால் கேட்கலாம்.

நெக்

இனி வருவதுதான் வேலையின் உயிர். நெக் முழு நேராக இருக்கக் கூடாது. அதிரும் கம்பி நடுவில்தான் அகலமாக ஆடுகிறது. அந்த ஆட்டத்துக்கு இடம்விட நெக் நடுவில் மிகச் சிறிதாகக் குழிந்திருக்க வேண்டும். இந்தக் குழிவுக்கு ரிலீஃப் என்று பெயர். இதைக் கட்டுப்படுத்துவது நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடு. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய தாடியஸ் மெக்ஹ்யூ 1923-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கம்பிகள் ஒரு பக்கம் இழுக்க, ராடு எதிர்ப்பக்கம் இழுத்து ஈடுசெய்கிறது.

அளப்பது எளிது. சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு, ஈ கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு மட்டக்கோல். எட்டாம் ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையே ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். ஃபிரெட் பலகையின் வளைவு ஆரம் 9.5 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் வரை உள்ள பேஸ்களுக்கு 0.3 மி.மீ. நல்ல தொடக்க அளவு. பழைய பாணியில் 7.25 அங்குல ஆரம் உள்ளவற்றுக்கு 0.35 மி.மீ. மென்மையாக வாசிப்பவர்கள் இதற்கும் குறைவாக வைத்துக்கொள்ளலாம். ஓங்கி அடிப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும்.

இடைவெளி அதிகமென்றால் ராடின் நட்டை வலப்புறம் திருகி இறுக்குங்கள். குறைவென்றால் இடப்புறம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். திருகியதும் சுருதியைச் சரிசெய்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி அளங்கள். மரம் உடனே முழுசாக நகர்ந்துவிடாது. மறுநாள்கூடச் சிறிது நகரும். ஆலன் கீ கனகச்சிதமாக உட்கார வேண்டும். அங்குல அளவில் செய்த 3/16 நட்டின் அகலம் 4.76 மி.மீ. அதில் 4.5 மி.மீ. கீயும் நுழையும், ஆனால் ஆடும். ஆடும் கீயால் திருகினால் அறுகோணத்தின் முனைகள் மழுங்கி, நூறு ரூபாய் கருவி செய்ய வேண்டிய வேலை நெக்கையே மாற்றும் செலவில் முடியும். நட்டு நகர மறுத்தாலோ, முழுசாக இறுக்கியும் வளைவு குறையாவிட்டாலோ அங்கேயே நிறுத்திவிட்டு அனுபவசாலியிடம் காட்டுங்கள். பலத்தைக் காட்டும் இடம் அதுவல்ல.

டிரஸ் ராடைக் கம்பியின் உயரத்தைக் குறைக்கும் திருகாக நினைப்பவர்கள் நிறைய. இறுக்கினால் உயரம் குறைவது உண்மைதான், அது பக்கவிளைவு. உயரத்துக்காக ராடை இறுக்கியவர் நெக்கைப் பின்பக்கம் வளைத்து, முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் கம்பி கரகரக்கும்படி செய்துவிடுவார். உயரத்துக்குச் சேடில் இருக்கிறது.

மழைக்காலத்தில் நெக் நகரும். சென்னையைப் போன்ற கடற்கரை ஊரில் ஏ.சி. அறையில் வைத்திருந்த பேஸைத் திறந்தவெளி மேடைக்குக் கொண்டுபோனால் ஒரு மாலைக்குள்ளேயே சுருதி இடம்மாறும். எந்தப் பக்கம் வளையும் என்பது மரத்துக்கு மரம் வேறு. அதனால் பருவம் மாறும்போது ஒருமுறை ரிலீஃபை அளந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். உப்புக்காற்றில் சேடில் திருகுகளும் துருப்பிடித்து இறுகும். வருடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் அவற்றைக் காப்பாற்றும்.

நட், உயரம், சுருதி

ஒவ்வொரு கம்பியையும் இரண்டாம் மூன்றாம் ஃபிரெட்டுகளுக்கு நடுவே அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். மெல்லிய தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தால் நட் சரி. அதிகம் தெரிந்தால் காடி ஆழம் போதவில்லை. அப்படிப்பட்ட பேஸில் முதல் இரண்டு ஃபிரெட்டுகளில் வாசிப்பது விரலுக்கு வலி, சுருதியும் ஏறி ஒலிக்கும். கம்பியின் தடிமனுக்கேற்ற நட் அரத்தால், தலைப்பக்கம் சற்றுச் சரிவாக, இரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை அளந்து பார்த்துத் தேயுங்கள். கை தவறி ஆழமாகிவிட்டால் காடியில் சமையல் சோடா தூவி ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டு இறுகவைத்து மறுபடி வெட்டலாம். அது தற்காலிகம்தான், நிலையான தீர்வு புது நட்.

அடுத்து சேடில் உயரம். பதினேழாம் ஃபிரெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. என்று தொடங்குங்கள். நடுக்கம்பிகள் இரண்டும் பலகையின் வளைவை ஒட்டி இவற்றுக்கு இடையே வரட்டும். சேடிலின் இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்த சேடிலில் கம்பி பக்கவாட்டில் நகரும், ஒரு கால் தளர்ந்து அதிரும்.

எவ்வளவு தாழ்த்தலாம்? உங்கள் கை சொல்வதுதான் அளவு. கம்பி ஃபிரெட்டில் படாமல் அகலமாக அதிர இடம் இருக்கும்போதுதான் பேஸின் கனம் வருகிறது. உயரத்தைத் தரையோடு தாழ்த்தினால் வேகம் கிடைக்கும், ஒலி மெலியும். வீட்டில் மெதுவாக வாசித்து உயரம் வைத்துவிட்டு, மேடையில் டிரம்ஸுக்கு ஈடாக அடிக்கும்போது கரகரக்கிறது என்று வருத்தப்படுவதில் பயனில்லை. மேடையில் அடிக்கும் அதே பலத்தில் அடித்துப் பார்த்து உயரம் வையுங்கள்.

கரகரப்பு எங்கே வருகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். முதல் நான்கைந்து ஃபிரெட்டுகளில் மட்டும் என்றால் ரிலீஃப் போதவில்லை. பன்னிரண்டுக்கு மேல் என்றால் ரிலீஃப் அதிகம், அல்லது சேடில் மிகத் தாழ்வு. அழுத்தாத கம்பியில் மட்டும் என்றால் நட் காடி. ஒரே ஒரு ஃபிரெட்டில் என்றால் அதற்கு அடுத்த ஃபிரெட் எழும்பியிருக்கிறது. மூன்று ஃபிரெட்டுகள் மேல் மட்டும் படும் நீளமுள்ள நேரான இரும்புத் துண்டை வைத்து ஆட்டிப் பாருங்கள். நடு ஃபிரெட் உயரமென்றால் துண்டு ஆடும். தளர்ந்த ஃபிரெட்டை நைலான் சுத்தியலால் தட்டி உட்கார வைக்கலாம். அப்படியும் ஆடினால் ஃபிரெட்டுகளை மட்டமாக்கித் தலையை உருட்டும் வேலை தேவை. அது தனி அத்தியாயம்.

சேடிலை அடிவரை இறக்கியும் கம்பி உயரமாகவே நிற்கிறதா? நெக் உட்காரும் கோணம் தவறு. நெக்கைக் கழற்றி, உடலிலுள்ள பள்ளத்தில் பிக்கப் பக்க முனையில் கால் மி.மீ. கனமுள்ள மரச்சீவலை வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். அந்தச் சிறு சாய்வு பிரிட்ஜ் அருகே சில மடங்கு பெருகும். மரத்திருகை மறுபடி போடும்போது முதலில் பின்பக்கமாகச் சுற்றுங்கள். ‘டக்’ என்று பழைய மரையில் விழும், பிறகு இறுக்குங்கள். நேராக முன்பக்கம் திருகினால் புது மரை வெட்டிப் பழையதைக் கெடுக்கும்.

உயரம் முடிந்த பிறகே சுருதி நீளம், அதாவது இன்டொனேஷன். வாசிக்கும் நிலையில் பேஸை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர் மேலே ஹார்மோனிக் எடுங்கள். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி அடியுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு இழுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு சுருதி சேருங்கள். தடித்த கம்பிக்கு நீளம் கூடுதலாக வேண்டும், அதனால் ஈ கம்பியின் சேடில் மற்றவற்றைவிடப் பின்தங்கி நிற்பது இயல்பு.

கடைசியாகப் பிக்கப் உயரம். கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு அளந்தால் ஈ பக்கம் சுமார் 3 மி.மீ., ஜி பக்கம் சுமார் 2.5 மி.மீ. என்று தொடங்கிக் காதால் நகருங்கள். கிட்டக் கொண்டுபோகப் போக ஒலி கூடும், ஆனால் காந்தமும் கம்பியைப் பிடித்து இழுக்கும். அதிர்வு சீக்கிரம் சாகும், சுருதி அலையும். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை நெக் பக்கத்ததைவிடச் சற்று உயர்த்தினால் இரண்டும் சமமாகக் கேட்கும், ஏனென்றால் அங்கே கம்பியின் ஆட்டம் குறைவு.

இரைச்சலும் இணைப்பும்

ஜாஸ் பேஸின் பிக்கப்புகள் ஒற்றைச் சுருள் வகை. அவை கம்பியின் அதிர்வோடு சேர்த்து மின்வயரின் உறுமலையும் வாங்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், ஏ கம்பி 55. உறுமல் வாத்தியத்தின் சொந்த எல்லைக்குள்ளேயே விழுவதால் அதை ஈக்வலைசரில் வெட்டி எறிய முடியாது. இரண்டு பிக்கப்பின் வால்யூமையும் முழுசாகத் திறந்தால் உறுமல் அடங்குகிறதா பாருங்கள். இரண்டும் எதிரெதிர் சுற்றும் காந்தத் திசையும் கொண்டவையாக இருந்தால் அடங்க வேண்டும். ஒன்றைக் குறைத்ததும் உறுமல் வருவது அந்த அமைப்பின் இயல்பு, பழுதல்ல.

கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைவதும் இயல்பே. தொட்டால் கூடுகிறது என்றால்தான் பிரச்சினை. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு வயர் வந்து கம்பிகளை எர்த்தோடு இணைக்கிறது. பிரிட்ஜுக்கும் ஜாக்கின் வெளிவளையத்துக்கும் மல்டிமீட்டரை வைத்தால் ஏறக்குறைய சுழியம் ஓம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வயர் விட்டிருக்கிறது. இதே இணைப்பு காரணமாக ஓர் எச்சரிக்கை: ஆம்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒருபோதும் நீக்காதீர்கள், எர்த் இல்லாத பாயிண்டில் செருகாதீர்கள். ஆம்பில் கசிவு இருந்தால் அது உங்கள் கையிலுள்ள கம்பிக்கு வரும். அதே நேரம் மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. கல்யாண மண்டபமோ கோயில் திருவிழா மேடையோ, எர்த்தைச் சோதிக்காமல் வயரைச் செருக வேண்டாம்.

கன்ட்ரோல் குமிழ்கள் கரகரத்தால் மாற்றவேண்டாம், முதலில் கான்டாக்ட் கிளீனரை உள்ளே அடித்து இருபது முப்பது முறை சுற்றிப் பாருங்கள். ஒலி விட்டு விட்டு வருவது பெரும்பாலும் ஜாக்கால்தான். நட்டு தளர்ந்து ஜாக் முழுதும் சுழன்று உள்ளே வயர் அறுந்திருக்கும். பற்றவைத்த பிறகு ஜாக்கை உள்ளிருந்து பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். உள்பள்ளங்களில் செப்புத் தாள் ஒட்டுவதாக இருந்தால், துண்டுகள் சேரும் இடங்களில் ஈயம் வைத்து இணைத்து, எல்லாவற்றையும் எர்த்தில் சேர்த்தால்தான் பயன். இணைக்காத செப்புத் தாள் வெறும் அலங்காரம்.

மாற்றங்கள்

இவ்வளவும் முடித்து, சில வாரங்கள் வாசித்துப் பார்த்த பிறகும் ஒரு குறை நிற்கிறது என்றால் அப்போது மாற்றத்தைப் பற்றிப் பேசலாம். அப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்கும். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லர் தன் 1977 ஜாஸ் பேஸை நியூயார்க்கின் கிட்டார் வினைஞர் ரோஜர் சடௌஸ்கியிடம் கொடுத்து உள்ளே ப்ரீஆம்ப் பொருத்தச் செய்தது, ஸ்டுடியோவில் தாழ்சுரத்தையும் மேல்சுரத்தையும் தன் கைக்கெட்டும் தூரத்திலேயே கட்டுப்படுத்தத்தான். தேவை தெளிவாக இருந்தது. அதே பேஸோடு அவர் பல பத்தாண்டுகள் வாசித்திருக்கிறார்.

ப்ரீஆம்ப் போட்டால் 9 வோல்ட் பேட்டரி வரும். ஸ்டீரியோ ஜாக் பொருத்துவார்கள். கேபிளைச் செருகியதும் பேட்டரியின் இணைப்பு முழுமையாகும். ஆகவே வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவெல்லாம் பேட்டரி வடியும். ஒலி திடீரென்று மங்கி உடைந்து கேட்டால் பழுது தேடுமுன் பேட்டரியை மாற்றுங்கள்.

செலவில்லாத மாற்றம் ஒன்று வேண்டுமென்றால் ஜேமர்சனின் வழி: பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டுப் பஞ்சு. பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம். மாற்றத்தால் தீராத குறை ஒன்றும் உண்டு: ஜி கம்பியில் ஐந்து முதல் ஏழாம் ஃபிரெட் வரை ஏதோ ஓரிடத்தில் சுரம் சட்டென்று அடங்கிப்போவதைக் கேட்டு ஃபிரெட்டை அராவிவிடாதீர்கள். ஃபெண்டர் வகை நெக்குகளில் பொதுவான உயிரற்ற புள்ளி அது. நெக்கே அந்த அதிர்வெண்ணில் சேர்ந்து ஆடிக் கம்பியின் ஆற்றலைக் குடித்துவிடுகிறது. தலைப்பகுதியில் சிறு எடையைக் கவ்வ வைத்தால் புள்ளி வேறிடம் நகரும், மறையாது. தொல்லை தராத இடத்துக்கு அதை நகர்த்துவதுதான் நடைமுறைத் தீர்வு.

ஃபிரெட் இல்லாத பேஸ் வேண்டும் என்பவர்களுக்கு ஜேக்கோ பாஸ்டோரியஸ்தான் முன்மாதிரி. 1976-இல் வந்த முதல் தனி ஆல்பத்தில் கேட்கும் அந்தப் பாடும் ஒலி, ஃபிரெட்டுகள் நீக்கி, பிளவுகளை நிரப்பி, பலகைக்குப் படகு எப்பாக்ஸி பூசிய 1962 ஜாஸ் பேஸிலிருந்து வந்தது. அவர் உருளைச்சுற்று எஃகுக் கம்பி போட்டவர். அந்தக் கம்பி வெறும் மரத்தை அரித்துவிடும், எப்பாக்ஸி அதற்கான கவசம். தட்டைச்சுற்றுக் கம்பி போடுவீர்களானால் பூச்சு இல்லாமலே காலம் தள்ளலாம்.

உங்களிடம் உள்ள ஒரே நெக்கில் இதைச் செய்யாதீர்கள். திருகு நெக் என்பதால் இரண்டாவது நெக் வாங்கி அதில் செய்யுங்கள்; பழையதைத் திரும்பப் பூட்டும் வழி இருக்கட்டும். ஃபிரெட்டின் தலையைச் சால்டரிங் அயனால் சூடாக்கினால் பசை இளகும். வாய் தட்டையாகத் தேய்த்த குறடால் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கவ்வித் தூக்குங்கள். இழுக்காதீர்கள், பலகை சிதறும். பிளவுகளில் மெல்லிய மேப்பிள் சீவலைப் பசையோடு செருகி, உலர்ந்ததும் பலகையின் ஆரத்துக்கேற்ற கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்து மட்டமாக்குங்கள். ஃபிரெட்டின் உயரம் ஏறத்தாழ 1 மி.மீ. போய்விட்டதால் நட் காடிகளையும் சேடில்களையும் அதற்கேற்பத் தாழ்த்த வேண்டும். ரிலீஃபையும் இன்னும் குறைக்கலாம். விரல் வைக்கும் இடமும் மாறும்: ஃபிரெட்டுக்குப் பின்னால் அழுத்திப் பழகிய கை இனி கோட்டின் மேலேயே அழுத்த வேண்டும்.